ஏழாவது சதுரம்

ஏப்ரல் 6

அன்புள்ள ஊசிக்கு,

அத்தான் எழுதுகிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு.

உன் அக்கா போய் ஆறு வாரம் ஆகிறது. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் நீ வந்து நின்றாயே, அந்த அரை நாளில் நாம் இரண்டு வார்த்தை உருப்படியாகப் பேசவில்லை. நீ அவளுடைய தையல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே இதைக் கையில் கொடுத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்ததும் தள்ளிப்போட்டுவிட்டேன்.

உள்ளே ஒன்பது சதுரம் இருக்கிறது. ஓரமெல்லாம் அவளுடைய பழைய துணி. அங்கங்கே தெரியும் சாம்பல் நிறம் என் சீருடைச் சட்டை. பஸ் ஓட்டுகிறவன் சட்டைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு. ஒவ்வொரு வெள்ளையிலும் உனக்கு எழுதியிருக்கிறாள். அந்த எழுத்தின் மேலேயே நீ நூலால் தைத்து, ஒன்பதையும் இணைத்து, பஞ்சு வைத்துப் போர்வையாக முடிக்க வேண்டுமாம். தாளில் எழுதினால் என்ன என்று கேட்டேன். "தாளா இருந்தா கிழிச்சுப் போட்டுடுவா. துணியைக் கிழிக்க அவளுக்கு மனசு வராது" என்றாள்.

மார்கழிக் குளிரில் நிற்பவள் போல் நடுங்கும் கையோடு ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை எழுத்துப் பக்கம் உள்ளே வைத்து மடித்து, ஒரு பையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் படிக்கவில்லை. அக்கா தங்கை விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் மூக்குதான் போகும் என்று எனக்கு முதல் வருஷமே தெரிந்துவிட்டது.

தலையணைக்கு அடியில் கிடந்ததால் கன்னாபின்னாவென்று கசங்கியிருந்தது. அப்படியே அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. முப்பது வருஷம் தினமும் சீருடைக்கு இஸ்திரி போட்ட கை இது. துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே தேய்த்திருக்கிறேன். ஒன்றில் டீக் கறை இருந்தது. அதையும் சோப்பு போட்டுப் பின்பக்கமாகக் கசக்கி எடுத்துவிட்டேன். எது என்று நீயே கண்டுபிடிக்க முடியாது.

பதில் போடு. திட்டியாவது போடு.

அத்தான்


ஏப்ரல் 17

அத்தானுக்கு,

பொட்டலம் வந்தது. ஒன்பது சதுரம் இருக்கிறது. ஒன்பதும் வெறும் வெள்ளை.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன், என் மேசையில் அதற்குக் குறைவில்லை. ஒரு புள்ளிகூடக் கிடையாது. மூலையில் மட்டும் சிவப்பு நூலில் முடிச்சு போட்டிருக்கிறாள். முதலாவதுக்கு ஒரு முடிச்சு, கடைசிக்கு ஒன்பது. வரிசை போட மறக்கவில்லை. எழுதத்தான் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

நீங்கள் பொய் சொல்லுகிறவர் இல்லை. அதனால் நீங்கள் பார்த்தது அவள் எழுதுவது மாதிரி பாவனை செய்ததைத்தான் என்று நினைக்கிறேன். இவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்பதை இதைவிடச் சுத்தமாகச் சொல்ல முடியாது. என் அக்கா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

அம்மாவின் போர்வையை வெட்டினவள்தானே. பதினோரு வருஷம் அம்மா கையால் தைத்து, உள்ளே கம்பளிப் பஞ்சு வைத்து முடித்த போர்வை அது. அம்மா போன பிறகு அவளிடம் இருந்தது, நான் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அதில் பாதி என் வாசலுக்குத் தபாலில் வந்தது. வெட்டிய ஓரத்தில் பட்டி வைத்துத் தைத்து, "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று ஒரு சீட்டு. நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் நைந்துபோன போர்வையில் ஒரு நூலைக்கூட வெட்டமாட்டோம். மேலே மெல்லிய வலை போட்டு அது எப்படி இருக்கிறதோ அப்படியே காப்போம். அது தெரிந்தும் வெட்டினாள். இனி நீ எனக்கு அக்கா இல்லை என்று எழுதினேன். அவள் பதில் போடவில்லை. இப்போது போட்டுவிட்டாள்.

என் மேசையில் இன்று ஒரு நூற்றிருபது வருஷத்துப் போர்வை கிடக்கிறது. தெருவைவிட்டுப் போன ஒரு பெண்ணுக்கு அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தது. அந்தக் காலத்து மையில் இரும்பு கலந்திருக்கும். அது துணியையே தின்றுவிட்டது. மை போய், துணியும் போய், எழுத்தின் வடிவில் ஓட்டை மட்டும் மிச்சம். ஆனால் பெயரைப் படிக்க முடிகிறது. யாரோ ஒருத்திக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரி விட்டுப்போனது அவ்வளவு. எனக்கு என் கூடப்பிறந்தவள் அந்த ஓட்டையைக்கூட விடவில்லை.

வெளியிலிருந்து வரும் எந்தத் துணியையும் பூச்சிக்குப் பயந்து இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே சேர்ப்போம். அடுத்த வாரம் புதிதாக வந்தவற்றை வைக்கும்போது இந்த ஒன்பதையும், அம்மாவின் பாதியையும் சேர்த்து வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அதன் பிறகு என் அலமாரியின் அடித்தட்டில் போட்டு மூடிவிடுவேன். தைக்கமாட்டேன். தைக்க எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினி


ஏப்ரல் 25

ஊசி,

"உங்கள் மச்சினி" என்று கையெழுத்துப் போடும் அளவுக்கு நான் உனக்கு அந்நியனாகிவிட்டேனா? போகட்டும்.

அவள் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். என்ன எழுதினாள் என்றுதான் தெரியாது, எழுதினாள் என்பது சத்தியம். ஒவ்வொரு வரிக்கும் பேனாவை வைத்துவிட்டு விரலை நீவிக்கொள்வாள். பாவனைக்கு ஒருத்தி அவ்வளவு வலியைப் பொறுப்பாளா? அந்த நிலைமையில் அவளுக்குத் தண்ணீர் டம்ளரைத் தூக்குவதே பெரும்பாடு. அவளைப் பற்றி நீ இப்படி எழுதியதைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் போட்டேன். டிப்போவில் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், நீயே சொல்ல வைக்கிறாய். ஜனவரி கடைசியில் அவளுக்குத் தெரியாமல் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அவளுக்கு உடம்பு சரியில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ என்று. அவள் போகிற நாள்வரை தபால்காரரை எதிர்பார்த்தேன். நீயும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அதை நான் ஒரு நாளாவது உன்னிடம் கேட்டேனா?

எழுதிய பேனா அவள் பெட்டியில் இருக்கிறது. புதன்கிழமை பெண்கள் கூடும்போது கொண்டுபோய்க் காட்டிக் கேட்கிறேன். நூலகத்துப் பின்னறையில் பதினாலு வருஷமாக அவளோடு உட்கார்ந்து தைத்தவர்கள். அவர்களுக்குத் தெரியாதது இருக்காது.

அத்தான்


ஏப்ரல் 30

ஊசி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்கிறேன். எழுத்தை அழித்தது நான்தான்.

இன்று போனேன். ஏழு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அதன் மேல் பஞ்சுச் சுருளை வைத்திருந்தார்கள். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்குள் பெரியவர் அந்த ரிட்டயர்டு கணக்கு டீச்சர். வாங்கிப் பார்த்ததுமே, "தேய்ச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மேசை முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோயிற்று.

அந்த மை சூடு பட்டால் மறைந்துவிடுமாம். அதற்காகவே எல்லோரும் அதை வாங்குகிறார்களாம். துணியில் கோடு போட்டு, கோட்டின் மேல் தைத்து முடித்து, கடைசியில் ஒரு தடவை இஸ்திரி போட்டால் மை போய் நூல் மட்டும் நிற்கும். நான் அந்தக் கடைசி வேலையை முதலிலேயே செய்துவிட்டேன். நம்பாமல் நின்றேன் என்று டீச்சர் ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டுத் தேய்த்துக் காட்டினார். ஒரே இழுப்பு. ஒன்றும் இல்லை.

"அப்படியே அனுப்பிடுங்க, பிரிக்காதீங்க" என்றுதான் அவள் சொன்னாள். எனக்கு அது காதில் விழுந்தது. கசங்கிய துணி என் வீட்டிலிருந்து போகக் கூடாது என்ற என் வறட்டுக் கௌரவம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. ஒன்பதையும் வரிசையாக, ஓரம் மடங்காமல், அவ்வளவு கவனமாகத் தேய்த்தேன், ஊசி. தேய்க்கும்போது அவளுக்கு ஏதோ செய்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் உன்னோடு பேசியிருக்கிறாள். அதை மட்டும் நம்பு. என்ன பேசினாள் என்பதை நான் அழித்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், அவளை ஒன்றும் சொல்லாதே.

அத்தான்


மே 5

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவளைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவளிடம் சொல்ல வழியில்லை.

உங்களை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். இப்போது இதற்கு மேல் எழுத வரவில்லை.


மே 10

அத்தான்,

இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று முன்தினம் உறைபெட்டியைத் திறக்கும் நாள். எங்கள் விதிப்படி எடுத்த பையை ஒரு நாள் முழுக்கப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரம் துணியில் இறங்கிவிடும். மற்றவற்றோடு ஒன்பது சதுரமும் இருந்த பையையும் எடுத்து மேசையில் வைத்தேன். மேலே பனி படிந்து வெள்ளையாக இருந்தது. சீட்டு எண் தெரியவில்லையே என்று கையால் துடைத்தேன். உள்ளே, பாலிதீனுக்கு அந்தப் பக்கம், "ஊசி" என்று எழுதியிருந்தது.

அவள் கையெழுத்து. 'சி'யின் மேல்வளைவைக் கொஞ்சம் நீட்டி இழுப்பாளே, அதே இழுப்பு. நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ரசாயனப் பிரிவுக்காரர் ஓடி வந்தார். அவர்தான் சொன்னார், சூட்டில் மறைகிற மை கடும் குளிரில் திரும்பி வருமாம். மறுபடி சூடு படாதவரை அப்படியே இருக்குமாம். இருபது வருஷம் துணியோடு பழகுகிறேன், பென்சிலைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை, எனக்கு இது தெரியாது. வெளியிலிருந்து வந்த அழுக்குத் துணியோடு அழுக்குத் துணியாகத்தான் நான் அவளை உள்ளே வைத்தேன். அதனால்தான் அவள் திரும்பி வந்தாள்.

ஒரு நாள் முழுக்கப் பையை முன்னால் வைத்துக்கொண்டு பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். விதிக்குக் கட்டுப்பட்டு என்று நினைக்காதீர்கள். பயம்.

எழுத்து மங்கல்தான், ஆனால் படிக்க வருகிறது. முடிச்சு வரிசைப்படி உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்கள் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று: "ஊசி, கோவமா இருந்தா இரு. ஆனா பாதியில நிறுத்தாம கடைசி வரைக்கும் தைச்சு முடி."

இரண்டு: "அம்மா போர்வையை நான் ஆசைப்பட்டு வெட்டல. நடுவுல ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சி அரிச்சுப் போச்சு."

மூன்று: "என் அலமாரியில இருந்தப்பதான் அரிச்சுது. ஊரார் துணியையெல்லாம் காப்பாத்துற உங்கிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

நான்கு: "கெட்டதை எடுத்துட்டேன். மிச்சத்துல பெரிய பக்கம் உன்னுது. அளந்து பாரு."

அளந்தேன், அத்தான். மூன்று வருஷம் கழித்து நேற்றுத்தான் அளந்தேன். எந்தத் துணி மேசைக்கு வந்தாலும் நான் முதலில் செய்கிற வேலை அளப்பதுதான், அதைச் செய்யாமல் பென்சிலைக்கூடத் தொடமாட்டேன். அம்மாவின் பாதியை மட்டும் அளக்கவில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தேன், பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முழுப் போர்வை தொண்ணூறு அங்குலம் என்று எனக்கு மனப்பாடம். என்னிடம் இருப்பது நாற்பத்திரண்டு. அவளிடம் இருப்பதை நீங்கள் அளந்து சொல்லுங்கள், முப்பத்தொன்பதுக்கு மேல் இருக்காது. அன்றைக்கே ஒரு நாடாவை எடுத்து வைத்திருந்தால் நடுவில் ஏதோ போயிருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஏன் என்று கேட்டிருப்பேன். மூன்று வருஷம் வீணாகியிருக்காது.

ஐந்து: "வைத்தியமெல்லாம் பார்த்தாச்சு. அவர் உனக்கு லெட்டர் போட்டது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். தெரியும்."

ஆறு: "பஸ் சத்தம் கேட்டா ஜன்னலைப் பார்ப்பேன். நீ வரலை. அதுக்காக நான் உன்னை"

அதோடு ஆறாவது முடிகிறது. மிச்சம் ஏழாவதில்.

ஏழாவது வெள்ளை, அத்தான். ஒன்றும் வரவில்லை. நீங்கள் டீக் கறையைச் சோப்பு போட்டு எடுத்தது இதுதான். குளிர் சூட்டில் போனதைத்தான் திருப்பும், தண்ணீரில் போனதைத் திருப்பாது. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் நிற்கிறது, எந்த எழுத்தின் கால் என்று சொல்ல முடியவில்லை. மறுபடி இரண்டு நாள் உறைய வைத்தாலும் பயனில்லை என்று ரசாயனப் பிரிவுக்காரர் சொல்லிவிட்டார்.

உங்கள் ஜனவரிக் கடிதம் எனக்கு வந்தது. பிரித்தேன், படித்தேன். அவள்தான் உங்களை எழுதவைத்து என்னை வரவழைக்கப் பார்க்கிறாள், வேண்டுமானால் அவளே எழுதட்டும் என்று இழுப்பறையில் போட்டேன். சாதாரண உடம்பு சரியில்லை என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். முழு உண்மை அது இல்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எட்டு: "அவ்வளவுதான். அத்தானைத் தனியா விட்டுடாதே. மாசத்துக்கு ஒரு தடவையாவது லெட்டர்ல திட்டு. திட்ட ஆள் இல்லைன்னா அந்த மனுஷன் சோறு திங்க மாட்டார்."

ஒன்பதாவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரி பூரா யோசித்தேன். மறைத்தால் அவளுக்கே பிடிக்காது. "தைச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி இஸ்திரி போட்டுடாதே, இந்த மை சூடு தாங்காது. முக்கியமா அத்தான் கண்ணுல காட்டாதே. எதைப் பார்த்தாலும் தேய்ச்சுடுவார்."

அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். அவள் எழுதும்போது நீங்கள் அதே அறையில்தானே இருந்தீர்கள். ஏழாவதில் என்ன எழுதினாள்? வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினாளா? அந்த "உன்னை"க்குப் பிறகு எந்த வார்த்தை வேண்டுமானாலும் வரலாம். மன்னிக்கவே மாட்டேன் என்றுகூட இருக்கலாம், எழுதக்கூடியவள்தான். எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள்.

ஊசி


மே 20

அன்புள்ள ஊசிக்கு,

ஒன்பதாவதைப் படித்துவிட்டு நானும் சிரிக்கப் பார்த்தேன். என்னை அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பார். எட்டாவது இருக்கும் உன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் சிக்னலில் வண்டி நின்றபோது ஞாபகம் வந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

அவளிடம் இருந்த பாதியை அளந்தேன். முப்பத்தொன்பது. பூச்சி அரித்த துண்டையும் அவள் எறியவில்லை. தையல் பெட்டியின் அடியில் சுருட்டி வைத்திருக்கிறாள். தூக்கினால் உதிர்கிறது.

ஏழாவதைப் பற்றி. கணக்கு டீச்சரிடம் கேட்டேன். "மன்னிச்சுட்டேன்னு எழுதினாங்கன்னு சொல்லிடுங்க, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நானும் அப்படியே எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரி அவள் பேசுகிற மாதிரி இல்லாமல் நான் பேசுகிற மாதிரியே வந்தது. அவள் எழுத்தை ஒரு தடவை அழித்தவன், அந்த இடத்தில் என் எழுத்தை வேறு எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாது, ஊசி. அவள் ஏழாவதை எழுதும்போது நான் அறையில் இல்லை. டீ போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கொடுக்கும்போது என் கைதான் இடித்தது, டீ அந்தத் துணியில் சிந்திற்று. நான் பதறிவிட்டேன். கறை பட்டுவிட்டதே, வேறு துண்டில் திரும்ப எழுதுகிறாயா என்று கேட்டேன். "வேணாம் விடுங்க. இதுல இருக்கிறது அவளுக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள். பிறகு டீயில் சர்க்கரை போடவில்லை என்று திட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குப் பிடிபட்டால் எனக்குச் சொல்ல வேண்டாம், நீயே வைத்துக்கொள். பிடிபடாவிட்டால் அது என்னால்தான். அந்தப் பாரத்தை உன்னோடு சேர்ந்து நானும் சுமக்கிறேன்.

ஏழாவதைத் தூக்கிப் போட்டுவிடாதே. வெள்ளையாகவே அதன் இடத்தில் வைத்துத் தை. அடுத்த மாதம் நாலு நாள் லீவு போட்டு, துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு, தபாலில் எதுவும் வேண்டாம். புதன்கிழமைப் பெண்கள் பஞ்சு வைக்க வருகிறார்களாம். நாற்காலியைக் காலி செய்து வைப்பதாகச் சொன்னார்கள். நீ வருகிற பஸ் எது என்று எழுது. ஜன்னலில் நான் நிற்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். மூன்று வாரமாகக் கசங்கிய சட்டையோடுதான் வண்டி எடுக்கிறேன். டிப்போ மேலாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ தைத்து முடித்ததும் மை போக ஒரு தடவை தேய்க்க வேண்டும், முறைப்படி. வேண்டாம் ஊசி. தேய்க்காமலே விடுவோம். நூலுக்கு அடியில் அவள் கையெழுத்து இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தான்